மூன்றடி தள்ளி

பந்து கைக்கு வந்தால் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பாடசாலையில் எனக்கு முதலில் பழக்கியது அதைத்தான். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது. பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டும் போகக்கூடாது. பிடித்த இடத்திலேயே நின்று இன்னொருத்திக்கு எறிய வேண்டும். எதிரணிக்காரியின் கையில் பந்து இருந்தால் அவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்று, கைகளை மட்டும் உயர்த்தி மறிக்கலாம். அதற்குள்ளே போனால் விசில் ஊதிவிடுவார்கள். சின்ன வகுப்பிலிருந்தே இப்படி விளையாடிப் பழகிய உடம்பு என்னுடையது. பாடசாலை அணியில் வளையத்துக்குப் பந்தெறிகிறவள் நான்தான். அந்தப் பெருமையையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, எண்பதுகளின் நடுவில் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன்.

பாரிசில் வலைப்பந்து என்று ஒரு விளையாட்டு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. தொழில்நுட்பப் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை, என்ன விளையாடுவாய் என்று கேட்டார். எனக்கிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் பந்து என்றேன், வளையம் என்றேன், உயரமான கம்பம் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். "ஆ, பாஸ்கெட்!" என்று அவர் சந்தோஷப்பட்டார். வளையம் ஒன்றுதான், பந்து ஒன்றுதான், பிறகென்ன என்று நானும் தலையாட்டினேன். எங்கள் வட்டாரத்து விளையாட்டு மண்டபத்தில் பயிற்சி செய்யும் பெண்கள் கழகம் ஒன்றுக்கு அவர் என்னை அனுப்பி வைத்தார்.

முதல் நாளே பந்து என்னிடம் வந்தது. பிடித்தேன். நின்றேன். என்னைச் சுற்றி எல்லோரும் ஓடினார்கள். ஓடு, ஓடு என்று கத்தினார்கள். நான் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆட்கள்தான், ஆனாலும் அன்றைக்கு நான் நின்ற நிலைக்கு வேறு உவமை கிடையாது. பிறகு எதிர்ப்பக்கத்து நெட்டைப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். நான் மரியாதையாக மூன்றடி விலகி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அவள் ஒருதரம் என்னை வியப்போடு பார்த்துவிட்டு, பக்கத்தால் நடந்துபோய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டாள்.

கழகத்தின் பயிற்சியாளர் பகலில் தபால் கந்தோரில் வேலை செய்கிற பெண். கரகரத்த குரல், வாயில் எப்போதும் விசில். அவர் விசிலை வெளியே எடுத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏன் கிட்டப் போகமாட்டேன் என்கிறாய்? அவளுக்கு என்ன தொற்றுநோயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நெட்டைப் பெண்ணும் சிரித்தாள். அன்றைக்கு வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் பாடசாலையில் என்னை இப்படி யாரும் பார்த்துச் சிரித்ததில்லை. சிரித்தவர்கள் வாயடைத்துப் போகிற வரைக்கும் இந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கொழுப்பு அதிகம் என்று அம்மா சொல்லுவார். அந்தக் கொழுப்புத்தான் அடுத்த பயிற்சிக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

நாங்கள் லாச்சப்பலில், வடக்கு ரயில் நிலையத்துத் தண்டவாளங்களைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை. அப்பா எங்களுக்கு முன்பே வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய யாராவது ஒருவர் சமையலறையில் எப்போதும் பாய் விரித்திருப்பார். தமிழ்க் கடைகள் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் மெத்ரோ வாசலில் நின்று கதைக்கிற எங்கள் ஆண்களுக்கு மட்டும் அப்போதும் குறைவில்லை.

வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது, மொழிபெயர்ப்பு. அப்பாவின் வதிவிடக் கார்ட் விஷயமாகப் பிரிபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், அம்மாவின் பல்வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நடுவில் நான் நிற்பேன். கந்தோர்க்காரி நீட்டி முழக்கிச் சொல்வதை எல்லாம் நான் அப்பாவிடம் ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். "நாளைக்கு வரட்டாம்." அவ்வளவுதான். அவர் கேட்கிற பத்துக் கேள்வியில் எட்டை விழுங்கிவிட்டு இரண்டைத்தான் அவளிடம் கேட்பேன். அப்படிச் செய்தால்தான் எல்லோரும் சண்டையில்லாமல் வீடு வந்து சேரலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பாடசாலைப் படிப்பின் கடைசி வருடம், ஒரு குளிர்காலப் பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் ஒரு விஷயம் சொன்னார். மேற்கே, ரயிலில் சில மணி நேரத் தூரத்தில், ஒரு சிறிய ஊரில் ஒரு சிறிய கல்லூரி இருந்தது. பிரெஞ்சுக்காரரே அந்த ஊரின் பெயரைக் கேட்டால் நெற்றியைச் சுருக்குவார்கள். அங்கே பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அதன் பயிற்சியாளர் ஒவ்வொரு வசந்தத்திலும் சின்னச் சின்னக் கழகங்களாகப் போய் ஆட்டம் பார்த்து, தனக்குப் பிடித்த இரண்டொருவரைக் கேட்டு எடுப்பாராம். எடுக்கப்பட்டவளுக்கு செப்டெம்பரில் தொடங்கும் இரண்டு வருடக் கணக்கியல் படிப்பில் ஒரு இடம், விடுதியில் ஒரு கட்டில்.

"பெரிய கல்லூரிகள் பெரிய ஆட்டக்காரிகளை எடுத்துவிடும். இவர் மிச்சம் மீதியைத்தான் பொறுக்க வருகிறார். ஆகவே நல்ல மிச்சமாக இருக்கப் பாருங்கள்" என்றார் எங்கள் பயிற்சியாளர். அவர் பேச்சில் தேன் ஒழுகியதாக நான் கண்டதில்லை.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. கணக்கு எனக்கு ஓடும். எந்த மொழியில் கேட்டாலும் கணக்கு கணக்குத்தான். ஆனால் பிரெஞ்சில் என் புள்ளிகளைப் பார்த்தால் எந்தக் கல்லூரியும் என் விண்ணப்பத்தை இரண்டாம் தரம் புரட்டாது. அது எனக்குத் தெரியும், என் ஆசிரியர்களுக்கும் தெரியும். பந்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அந்த வகுப்புக்குள் நுழைய முடியும். வேறு வாசல் எனக்கு இல்லை.

வேறு வாசல் ஒன்றை அப்பா ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். பக்கத்துத் தெருவான ரூ லூயி-பிளாங்கில் எங்கள் ஆள் ஒருவர் புதிதாக விமானச்சீட்டுக் கடை திறந்திருந்தார். தொலைபேசியில் பிரெஞ்சு பேச ஒரு பிள்ளை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். சூடாக்கிக்குப் பக்கத்தில் மேசை, சுழல்கிற கதிரை. அப்பா அந்தக் கதிரையைப் பற்றி வீட்டில் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. நின்று நின்று கால் வீங்கி வருகிற மனிதர் அவர். மகள் இருந்த இடத்தில் இருந்து உழைக்கப் போகிறாள் என்பது அவருக்குக் கோயில் மணி கேட்டது போல. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதிரையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. பதினெட்டு வயதில் அதில் உட்கார்ந்தால் ஐம்பதில்தான் எழும்புவேன் என்று தெரிந்தது.

ஆகவே முதலில் பந்தைத் தட்டப் பழக வேண்டும். கழகத்தில் கிடைத்த நேரம் எனக்குப் போதவில்லை. மற்றவர்கள் நடை பழகிய நாளிலிருந்து தட்டியவர்கள். வீட்டில் தட்டினால் கீழ்மாடிக் கிழவி தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பாள். ஆகாய மெத்ரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பூங்காவும், அதில் வலை அறுந்துபோன ஒரு வளையமும் இருந்தன. வீட்டிலிருந்து பூங்கா வரைக்கும், பூங்காவிலிருந்து வீடு வரைக்கும், நடைபாதையில் தட்டிக்கொண்டே போனேன். போகிற வழியில்தான் மெத்ரோ வாசல்.

"பிள்ளை, பந்துக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் ஆற விடன்" என்பார் ஒரு அண்ணை.

"உது எந்தக் கடையிலை வாங்கின பூசணிக்காய்?" என்பார் இன்னொருவர்.

நான் பதில் சொல்லமாட்டேன். பதில் சொல்ல வாய் திறந்தால் பந்து காலில் பட்டு ஓடிவிடும். பதில் சொல்லாததே பெரிய குற்றமாகிவிட்டது. நான் மாடிப்படி ஏறி வருவதற்கு முன்பே செய்தி ஏறிவிட்டது. அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தார்.

"உங்கட மேள் காற்சட்டையோட றோட்டாலை பந்து தட்டிக்கொண்டு திரியிறா, கண்டனீங்களோ எண்டு கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

"ஓம் கண்டனான் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அம்மா அகப்பையோடு நடுவில் வந்தார். "எடியே, பந்தைத் தட்டாமல் கையிலை கொண்டு போனா ஆர் உன்னைப் பாக்கப்போயினம்?"

"தட்டத்தானம்மா பழகவேணும்!"

கடைசியில் ஒரு சமாதானம் உண்டானது. தனியே போகக்கூடாது, அம்மாவும் கூட வருவார். அம்மாவும் என் பாடசாலையிலேயே படித்து, தன் காலத்தில் வலைப்பந்து விளையாடியவர்தான். அதை அவர் இருபது வருடம் மறந்திருந்தார். பூங்காவில் அந்த வளையத்தைக் கண்டதும் நினைவு வந்துவிட்டது. சேலைக்கு மேலே நீளக் குளிரங்கி, கழுத்தில் துவாய் மாதிரி ஒரு மப்ளர், காலில் அப்பாவின் பழைய சப்பாத்து. அந்தக் கோலத்தில் என் முன்னால் நின்று, கைகளிரண்டையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"எறி பாப்பம்."

"கிட்ட வாங்கோ அம்மா. கிட்ட வந்து மறியுங்கோ."

"வரமாட்டன். மூண்டடி."

"இது அந்த விளையாட்டில்லை, அம்மா."

"ஆர் சொன்னது? வளையம் இருக்கு, பந்து இருக்கு. கிட்ட வந்தா பிழை."

எவ்வளவு கெஞ்சியும் அவர் ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. ஏதோ மரத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரி விசிலோடு நிற்பது மாதிரி அவருடைய நியாயம். நான் பந்தைத் தட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனால், "பிழை! பந்தோட ஓடினவள்!" என்று வாயாலேயே விசில் ஊதுவார். எங்கள் சண்டையைப் பார்க்கப் பூங்கா வேலியோரம் நான்கைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அம்மா கையைக் கீழே விடாமலே அவர்கள் பக்கம் திரும்பி, "தம்பிமார், உங்களுக்கு இண்டைக்கு வேலையில்லையோ?" என்பார். அவர்கள் மெல்லக் கலைவார்கள். அதற்குப் பிறகு மெத்ரோ வாசலில் பூசணிக்காய்க் கதை குறைந்துவிட்டது.

அம்மாவோடு விளையாடி எனக்கு மறிக்க வரவில்லை. ஆனால் உயர்ந்த இரண்டு கைகளுக்கு மேலால் பந்தை எறிய வந்தது. குதிக்காமல், நுனிவிரலில் நின்று, தலைக்கு மேலிருந்து உயர எறிவேன். பலகையில் படாமல் நேரே வளையத்துக்குள் விழ வேண்டும். எங்கள் வலைப்பந்தில் பலகையே கிடையாது. "பலகையை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய், அழகுக்கா?" என்று கழகப் பயிற்சியாளர் கத்துவார். கிட்டப் போய் மறிக்கப் பழகுவதற்கு, ஆகாய மெத்ரோவைத் தாங்கி நிற்கிற இரும்புத் தூண்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ஓடிப்போய், அதன் நெஞ்சோடு நெஞ்சாக நின்று, பிறகு பக்கவாட்டில் அரக்கி அரக்கிப் போவேன். பிரெஞ்சுக்காரர்கள் வீதியைக் கடந்து மறுபக்கத்தால் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் விடவில்லை.

இன்னொரு பாடமும் இருந்தது. அந்தக் கல்லூரிக்காரர் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நீங்கள் முறைக்குக் காத்திருக்கிற நீளப் பலகையில், அதாவது வாங்கில், எப்படி இருக்கிறீர்கள், விசில் ஊதினால் முகத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் பார்ப்பாராம். "பேசும்போது கையைக் குலுக்கு, கண்ணைப் பார். நீ எப்போதும் நிலத்தைப் பார்க்கிறாய். ஏதோ தொலைத்தவள் மாதிரி."

எனக்கு அது பந்து தட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பெரியவர்கள் பேசும்போது கண்ணுக்குள் பார்ப்பது எங்கள் வீட்டில் வாய்க்காரிகள் செய்கிற வேலை. பாண் விற்கிற பேக்கரிக்காரியிடம் தொடங்கினேன். அவளுடைய கண்ணைப் பார்த்தபடியே பாண் கேட்டேன். அவள் பயந்து மீதிச் சில்லறையை இரண்டு தரம் சரிபார்த்தாள். பிறகு கணக்கு ஆசிரியர், பிறகு நூலகத்துப் பெண். ஒரு நாள் மறந்துபோய் அம்மாவையும் அப்படியே பார்த்துவிட்டேன்.

"என்னடி முழுசிறாய்?" என்று அகப்பை என் பக்கம் திரும்பியது. வெளியே பார்க்கிற பார்வையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன். அப்பாவை அப்படிப் பார்க்க எனக்குத் துணிவே வரவில்லை.

வசந்தம் வந்தது. பாரிசுக்கு வெளியே திரான்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற எங்கள் ஆட்டத்துக்குக் கல்லூரிக்காரர் வருகிறார் என்று செய்தி வந்தது. பெற்றோரும் வந்தால் நல்லது, எடுக்கிறதானால் அவர்களோடும் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்ல நான் மூன்று நாள் மென்று விழுங்கினேன்.

"பந்தடிச்சு என்னத்தைக் காணப்போறாய்?" என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஆளைப் பாத்துக் கதைப்பம். நான் ஒண்டும் ஓம் எண்டு சொல்லேல்லை" என்றார்.

கதைக்கப் போவது என்று முடிவானதும் அவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்காக ஒரு பெரிய ஆளைக் காணப் போகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். சந்திக்கிறவர் அதிபரோ பாதிரியாரோ, ஒரு வாழைப்பழச் சீப்பாவது கையில் இருக்கும். அம்மா சனிக்கிழமை முழுவதும் மட்டன் ரோல்ஸ் சுட்டார். அதை எப்போது கொடுப்பது என்பதில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை.

"போனவுடனை கையிலை குடுக்கவேணும். அதுதான் மரியாதை" என்றார் அப்பா.

"விளையாட முதல் குடுத்தா லஞ்சம் எண்டெல்லோ நினைப்பினம், வெள்ளைக்காரர்" என்றார் அம்மா.

கொடுக்கவே வேண்டாம் என்றேன் நான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூசை முடிந்து, கார் து நோர் என்கிற அந்த வடக்கு நிலையத்தில் ரயிலேறி, பெட்டி முழுவதும் ரோல்ஸ் வாசத்தைப் பரப்பிக்கொண்டு திரான்சிக்குப் போனோம். அப்பா தன் ஒரே கோட்டைப் போட்டிருந்தார். பையை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கல்லூரிக்காரரை உடனே அடையாளம் தெரிந்தது. நரைத்த குட்டைத் தலைமயிரோடு, ஆண்களுடைய மழையங்கி போட்ட ஒரு பெண். மேல்வரிசையில் தனியாக இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் கீழ்வரிசையில் இருந்தார்கள். பை இப்போது அப்பாவின் கதிரைக்குக் கீழே இருந்தது.

முதல் பாதி முழுவதும் நான் வாங்கில். முதுகை நிமிர்த்தி, கண்ணை ஆட்டத்தில் வைத்து, வாங்கில் இருப்பதற்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தேன். இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் என் தோளைத் தட்டினார். உள்ளே போனதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்றவர்கள் மாதிரித் தட்டிக்கொண்டு ஓடப் பார்த்தேன், பந்து என் சொந்தக் காலிலேயே பட்டு வெளியே போனது. இரும்புத் தூண் என்று நினைத்து ஒருத்தியிடம் கிட்டப் போனேன், மோதிவிட்டேன், விசில். பயந்து தள்ளி நின்றேன், அவள் என்னைக் கடந்து போய்க் கூடைக்குள் போட்டாள். எங்கள் பயிற்சியாளர் தலையில் கை வைத்ததைக் கண்டேன். மேலே பார்த்தேன். கல்லூரிக்காரர் இரண்டாவது தோடம்பழத்தைத் தொடங்கியிருந்தார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தச் சுழல்கதிரை வந்து நின்றது. பயத்தை விடவும் கோபம்தான் கூட. இவ்வளவு பாடுபட்டு, இதுவா காட்டப் போகிறேன்?

பந்து மறுபடி என்னிடம் வந்தது. தட்டிக்கொண்டு ஓடினேன். வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி, இருவரும் என்னை நெருக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்போது மண்டபம் அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

"நில்லடி! பந்தோட ஓடாதை, நில்லு!"

அம்மாவுக்கு இன்னும் இது எந்த விளையாட்டு என்று பிடிபடவில்லை. ஆனால் என் உடம்பு பதினெட்டு வருடமாக அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்த உடம்பு. பந்தைப் பிடித்தேன், ஓடிய காலை ஊன்றி நின்றேன். இரண்டு பெண்களும் நிற்க முடியாமல் என்னைத் தாண்டி ஓடிவிட்டார்கள். முன்னால் இருந்தவள் என்ன நடந்தது என்று விளங்காமல் கைகளை உயர்த்தினாள். உயர்ந்த கைகள் எனக்குப் பழக்கம். நுனிவிரலில் எழும்பி, பூங்காவில் எறிகிற மாதிரியே எறிந்தேன். பலகையில் படாமல் விழுந்தது.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே நின்றேன். தட்டிக்கொண்டு போவேன், திடீரென்று நிற்பேன், எறிவேன். சில விழுந்தன, சில விழவில்லை. மறிக்கிற வேலையில் கடைசிவரைக்கும் தடுமாறினேன். ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அம்மா மட்டும் நாங்கள் வென்ற மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்லூரிக்காரர் கீழே இறங்கி வந்தார். தோடம்பழச் சாறு பட்ட கையை மழையங்கியில் துடைத்துவிட்டு நீட்டினார். நான் கையைக் குலுக்கினேன். கண்ணைப் பார்த்தேன். அது இலகுவாகத்தான் இருந்தது. அப்பாவும் அம்மாவும் வந்து எனக்கு இரு பக்கத்திலும் நின்றார்கள்.

கல்லூரிக்காரர் மூச்சு விடாமல் சொன்னார்: "நீ மறிக்கிற விதம் மோசம். தொட்டால் ஏதோ ஆகிவிடும் என்கிற மாதிரித் தள்ளி நிற்கிறாய். எறிகிறது பிடித்திருக்கிறது. இப்படி ஒருத்தி நின்று எறிவதை நான் பார்த்ததில்லை. படிப்பில் இடம் உண்டு, விடுதியில் கட்டில் உண்டு. ஆனால் முதல் வருடம் நீ பெரும்பாலும் வாங்கில்தான் இருப்பாய். பிறகும் விளையாட வைப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அது உன் கையில். சம்மதமா என்று வீட்டில் கேட்டுச் சொல்."

"என்னவாம்?" என்றார் அப்பா.

வழக்கமான நாளாக இருந்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பேன். "எடுக்கிறாவாம்." அவ்வளவு போதும், அப்பாவுக்குத் தெரியவா போகிறது? அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு அரைச் சம்மதம் வேண்டாம். தெரியாமல் அனுப்பி வைத்த ஒருவர் தெரிந்தபிறகு திருப்பிக் கூப்பிடலாம். மறிக்கிறது மோசம் என்பதிலிருந்து வாக்குக் கொடுக்கமாட்டேன் என்பது வரைக்கும் ஒன்றையும் விழுங்காமல் சொன்னேன்.

அம்மா, அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். உருளைக்கிழங்கு வேண்டிய மட்டும் கிடைக்கும் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாமா என்று அப்பா கேட்கச் சொன்னார். கோயில் விடுதிக்கு எதிரே என்று பதில் வந்தது. அப்பா வெறுமையாகக் கிடந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வாங்கிலை குந்தியிருக்கிறதுக்கோ, பிள்ளை, அவ்வளவு தூரம் போறாய்? குந்தியிருக்கிற வேலை இஞ்சை லூயி-பிளாங்கிலையே இருக்கெல்லோ?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, என் அப்பாவை நேரே கண்ணுக்குள் பார்த்தேன். சிவந்து, ஓரமெல்லாம் வீங்கியிருந்த கண்கள். கோப்பை கழுவுகிற நீராவி அவருடைய கண்களை அப்படி ஆக்கியிருந்ததை அதுவரைக்கும் நான் கண்டதில்லை. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"அங்கை குந்தினா எழும்பி விளையாடலாம், அப்பா. இஞ்சை குந்தினா குந்தினதுதான்."

முழுசாதை என்று அவர் சொல்லவில்லை. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பக்கத்தில் கல்லூரிக்காரர் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா மப்ளர் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தான் இருந்த கதிரைக்குப் போய், குனிந்து, கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். இரண்டு கையாலும் பையைக் கல்லூரிக்காரரிடம் நீட்டினார்.

கல்லூரிக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்தார், ஒரு ரோல்ஸை எடுத்து அங்கேயே நின்று கடித்தார். அம்மாவின் மிளகாய் அவர் கண்ணில் நீரை வரவழைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதை முழுவதும் தின்று முடித்தார், பிறகு இன்னொன்றை எடுத்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "செப்தாம்பர்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "செப்தாம்பர்" என்று அவரும் திருப்பிச் சொல்லி, தலையை ஆட்டினார்.